ஈயைத் தடவிக்கொடுத்த லக்கி

லக்கி அந்த ஈயைத் தடவிக்கொடுத்தாள்.

பூனைக்குட்டியைத் தடவுவதுபோல, தலையில் தொடங்கி இறக்கை நுனிவரை, உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தடவினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சிருச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்ற அவள் அப்பா முரளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா தங்கச்சி? என் மக எதுக்கும் பயப்பட மாட்டா. கரப்பான்பூச்சிய கையால புடிச்சி வெளிய போடுவா. அவ அம்மாதான் நாற்காலி மேல ஏறி நிப்பா."

நான் சிரித்தேன். ஆனால் எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படவில்லை.

அது நிஜ ஈ அல்ல. ஒரு புத்தகம். திறந்தால் பக்கம் முழுக்க ராட்சத ஈ ஒன்றின் படம் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கூடவே கொடுக்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், இரண்டு கண்களும் ஒன்றுசேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஈ தாளை விட்டு எழும்பி நிற்கும். "இறக்கையைப் பிடி" என்றால் பிள்ளைகள் தாளுக்கு மேலே, வெறும் காற்றைக் கிள்ளுவார்கள். சிலர் வீல் என்று கத்துவார்கள். ஒரு பையன் புத்தகத்தின் மேல் எச்சிலே துப்பியிருக்கிறான்.

அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தும் லக்கி தாளைத்தான் தடவினாள். அவளுக்கு அது தாள்தான்.

பாய் கடையில் ஒரு டாக்டரம்மா

நான் தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி எங்கே போகிறேன் என்று, போன வாரம் இந்தப் பத்தியில் என் மாடி அறையைப் பற்றிப் படித்த சிலர் கேட்டிருந்தார்கள். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குத்தான். அங்கே புடவைக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கத்திலிருந்து புதுத்துணி வாசம் வரும், மறுபக்கத்திலிருந்து நெய் வாசம் வரும். அங்கே கண் பரிசோதிப்பது என் வேலை.

முதலாளி ஹமீது பாய். அவருடைய வாப்பா துணி வியாபாரி. துணியை அளக்கும் குடும்பத்தில் பிறந்து மூக்கை அளக்க வந்தவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி கிண்டல், பாதி விளம்பரம்.

எனக்குச் சின்னப் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை. பெரியவர்கள் வந்தால் "கொஞ்சம் மங்கலா இருக்கு, பவர் ஏத்துங்க" என்பதோடு கதை முடிந்துவிடும். பிள்ளைகள் அப்படி இல்லை. தனக்குத் தெரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு உலகம் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கண்டுபிடிப்பது நம் வேலை. அதைவிடச் சுவாரசியமான வேலை எனக்கு இன்னும் அகப்படவில்லை.

இதில் பெரிய தலைவலி பெற்றோர்தான். நம் ஆட்களுக்குக் கண் பரிசோதனையும் ஒரு பரீட்சை. பிள்ளை அதில் பாஸாக வேண்டும். முரளி அண்ணனும் அப்படித்தான். நான் சுவரில் படங்களைக் காட்டி லக்கியிடம் கேட்கக் கேட்க, பின்னாலிருந்து கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்.

"வீடு மா, வீடு. அது வீடு."

"அண்ணே, நீங்க சொல்லக் கூடாது."

"நான் எங்க சொன்னேன்? சும்மா நெனச்சேன், வெளிய வந்துருச்சி லா."

கடைசியில் அவரைத் திரும்பி நின்று சுவரைப் பார்க்கச் சொன்னேன். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற அவ்வளவு பெரிய ஆள், தண்டனை வாங்கிய பையன் மாதிரி மூலையில் நின்றார். லக்கிக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

அதிர்ஷ்டக் கண்

லக்கிக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, யுகேஸ்வரி. அது பிறப்புப் பத்திரத்தில் மட்டும்தான். அப்போது ஆறு வயது. அடுத்த வருடம் ஒன்றாம் ஆண்டு போகவேண்டும். தைப்பூசத்துக்குப் போட்ட மொட்டையில் முடி முளைத்து, தலை கிவிப் பழம்போல் இருந்தது. இடது கண் மூக்குப் பக்கமாக உள்ளே திரும்பியிருந்தது.

பாலர் பள்ளி ஆசிரியைதான் முதலில் கவனித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா கோமதி போர்ட் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அன்று அவருக்கு வேலை. "கண்ண செக் பண்ணாம வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லிட்டா, அதான் வந்தேன்" என்றார் முரளி. அதாவது, அவராக வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று சொல்கிற வார்த்தை. ஆனால் முரளி வீட்டில் அதற்குச் சாட்சி இருந்தது. லக்கிக்கு மூன்று வயதில் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகுதான் கண் திரும்பியது. அதே மாதம் அவருக்கு நாலு நம்பர் லாட்டரியில் பரிசு அடித்தது.

இந்த ஊரில் நாலு நம்பரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாலையில் கார் மோதிக் கிடந்தால், அடிபட்டவருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்க்கிற ஊர் இது. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், செத்துப்போன மாமா வந்தால் ஒரு நம்பர். எங்கள் அப்பா என் பட்டமளிப்பு விழாவில் என் நாற்காலி எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் மேடையேறியதைவிட அந்த நம்பர் ஏறாமல் போனதுதான் அவருக்கு நினைவிருக்கிறது.

முரளி வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் பிளாஸ்டிக் எண்கள் ஒட்டியிருக்குமாம், பிள்ளைகள் விளையாடும் காந்த எண்கள். குலுக்கல் நாளில் லக்கி போய் அதில் நாலு எண்ணைப் பிடுங்கித் தருவாள். அதுதான் அந்த வார நம்பர். துறைமுகத்து லோரிக்காரர்கள் சிலரும் மிட்டாயோடு வந்து வரிசையில் நிற்பார்களாம்.

"அடிக்குமா அண்ணே?" என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்பப்ப ஆறுதல் பரிசு. ஆனா பக்கத்துல பக்கத்துல வரும் தங்கச்சி. ஒரு நம்பர்ல போவும்."

அந்தப் பக்கமிருந்து ஹமீது பாய், "யா அல்லா! என் கடைக்குள்ள நம்பர் பேச்சா? வெளிய போயி பேசுங்க, நான் ஹஜ் போவணும்!" என்று கத்தினார்.

குதித்த லோரிக்காரர்

நான் என் வேலையைச் செய்தேன். லக்கியின் இடது கண்ணைக் கையால் மறைத்தேன். அவள் காலாட்டியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வலது கண்ணை மறைத்தேன். பாட்டு நின்றது. "கைய எடுங்க மிஸ்!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். மறுபடி செய்தேன், மறுபடி தள்ளினாள். இடது கண் இருந்தும் அவளுக்கு அதிகம் உதவவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

சோம்பேறிக் கண் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அந்தக் கண் சோம்பேறி இல்லை. மூளை அதை வேலைக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் கூப்பிட்டால் வந்துவிடும். வயது ஏற ஏற, கூப்பிட்டாலும் வருவது கஷ்டம்.

இதைத்தான் முரளியிடம் சொன்னேன். எனக்கு ஆர்வம் வந்தால் வாய் நிற்காது. மூளையைப் படம் வரைந்தேன், நரம்பை அம்புக்குறி போட்டேன், அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எழுதித் தருகிறேன், சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ நல்லாத்தான் பாக்குறா" என்றார்.

"ஒரு கண்ணாலதான் பாக்குறா அண்ணே."

"அங்க போனா ஆபரேஷன் பண்ணி நேராக்கிடுவாங்க. அப்பறம் அது வேற கண்ணு தங்கச்சி. இது அவளுக்குன்னு வந்த கண்ணு."

அவர் கெட்டவர் இல்லை. மகளின் செருப்பு வாரை மாட்ட அந்தப் பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்த விதத்திலேயே அது தெரிந்தது. அவருக்கு அந்தக் கண் குறை இல்லை, வரம். வரத்தைத் திருப்பிக் கொடுக்க யார் சம்மதிப்பார்கள்?

கிளம்ப எழுந்துவிட்டார். மேசைமேல் ஈப் புத்தகம் இன்னும் திறந்து கிடந்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"போறதுக்கு முன்னாடி இத நீங்க ஒருதடவ போட்டுப் பாருங்கண்ணே."

கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டினார். குனிந்தார்.

"ஐயோ!"

ஒரே குதி. பின்னால் இருந்த கண்ணாடிச் சட்டங்களின் தாங்கி ஆடி, நாலைந்து சட்டங்கள் கீழே விழுந்தன. ஹமீது பாய் ஓடி வந்தார். லக்கி கைதட்டிச் சிரித்தாள். "அப்பா பயந்துட்டாரு! அப்பா பயந்துட்டாரு!"

முரளியும் சிரித்தார். மறுபடி குனிந்து, விரலை நீட்டி, எழும்பி நின்ற இறக்கையைக் காற்றில் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தச் சிரிப்பு நின்றது. மகளைப் பார்த்தார்.

"அவ இதத் தடவுனாளே."

"ஆமாண்ணே."

"அவளுக்கு இது... எந்திரிக்கலயா?"

"இல்லண்ணே."

முரளி கண்ணாடியைக் கழற்றி, சட்டைத் துணியால் துடைத்து, மேசைமேல் வைத்தார்.

"எழுதிக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஆபரேஷன்னு சொன்னா ஓடிவந்துருவேன்."

சுவிச்சுப் போட்டதுபோல

யாரும் ஓடிவர வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, முதலில் கண்ணாடி போடட்டும், நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் பிளாஸ்டர் ஒட்டி மூடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க லக்கியின் கண் ரொம்பச் சிரமப்பட்டது. அந்தச் சிரமத்தில்தான் கண் உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லா மாறுகண்ணும் இப்படி இல்லை. இவளுடையது இப்படி.

கண்ணாடி தயாரான அன்று கோமதி அக்காவும் வந்திருந்தார். லக்கியே தேர்ந்தெடுத்த ஊதாச் சட்டம். மொட்டைத் தலையில் நழுவாமலிருக்கப் பின்னால் ரப்பர் பட்டை. மாட்டிவிட்டேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, இடது கண் மெல்ல வெளியே வந்து நேராக நின்றது.

கோமதி அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முரளியின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"போச்சா?" என்றார் சன்னமாக.

"என்னா போச்சி?" கோமதி அக்கா திரும்பினார்.

"ஒண்ணுல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சற்றுப் பொறுத்து, கண் பழையபடி உள்ளே போனது. மாட்டினேன், நேரானது. கழற்றினேன், உள்ளே போனது.

"இருங்க, இருங்க" என்று முரளி தானே வாங்கி மாட்டினார். கழற்றினார். மாட்டினார். புது வீட்டில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்க்கிறவர் முகம் அவருக்கு.

"பிள்ளைய விடுங்க! அவ என்னா சுவிச்சா?" என்று கோமதி அக்கா கையைத் தட்டிவிட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, உங்க அதிர்ஷ்டம் எங்கயும் போவல. கண்ணாடிக்குப் பின்னால பத்திரமா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

அங்கேயே ஒப்பந்தம் ஆனது. தூங்கும் நேரம் தவிர எப்போதும் கண்ணாடி. தினமும் பிளாஸ்டர். குலுக்கல் நாளில், குளிர்பெட்டி முன்னால், இரண்டு நிமிடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஹமீது பாய் காதைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே போய் நின்றார்.

குளிர்பெட்டி முன்னால்

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் கோமதி அக்கா போன் செய்தார்.

"மிஸ், ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழம முழுக்க கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல கெடக்குது. நம்பர் அடிக்கலன்னு இவர் கூட்டாளிங்க பேசுறாங்க. கண்ணாடி போட்டு கெடுத்துட்டாங்களாம். இவரும் கொழம்பிப் போயிட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிட்டேன். கிள்ளானைத் தாண்டி, கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். போகிற வழியெல்லாம் ஒரு பெரிய சொற்பொழிவு தயார் செய்துகொண்டு போனேன். அது தேவைப்படவே இல்லை.

அவர்கள் அடுக்குமாடி வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை. சமையலறை வாசலில் முரளியின் கூட்டாளிகள் மூவர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றார்கள். குளிர்பெட்டிக்கு முன்னால் லக்கி. இரண்டு கையாலும் கண்ணாடிக் காம்புகளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கழட்ட மாட்டேன்."

"ஒரு நிமிஷம்தாமா. அங்கிளுக்காக" என்றார் மீசைக்காரர் ஒருவர்.

"மாட்டேன். கழட்டுனா நம்பர்லாம் பஞ்சு மாதிரி ஆயிடுது."

"தடவிப் பாத்து எடுத்துக் குடு கண்ணு. முன்ன அப்படித்தான எடுப்ப?"

லக்கி யோசித்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டே எடுத்துத் தரவா?"

அதில்தான் பெரிய விவாதம் கிளம்பியது. கண்ணாடியோடு எடுத்த நம்பர் செல்லுமா, செல்லாதா?

"செல்லாது லா. பார்த்து எடுத்தா அது நம்ம எடுக்குற மாதிரிதான?"

"அப்போ பவர் எங்க இருக்கு? கண்ணுலயா, கையிலயா?"

"கண்ணுலதான். கையில இருந்தா ஏன்டா கண்ணாடிய கழட்டணும்?"

"முரளி, நீ சொல்லு. உன் மவதான."

எல்லோரும் முரளியைப் பார்த்தார்கள். நானும் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று அவரைப் பார்த்தேன். அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது. கண்ணாடி இன்று குளிர்பெட்டிமேல் போனால், நாளையும் போகும், வருடம் போய்விடும், அந்த இடது கண்ணைக் கூப்பிடுகிற காலமும் போய்விடும்.

முரளி மகளைப் பார்த்தார். அவள் காம்புகளை இன்னும் விடவில்லை.

"கண்ணாடியோட எடும்மா" என்றார். "என் மக எடுத்தா செல்லும். பிடிக்காதவன் அவன் மகள கூட்டிட்டு வரட்டும்."

லக்கி எடுத்தாள். முன்பெல்லாம் கைக்கு வந்ததைப் பிடுங்குவாளாம். அன்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தாள். ஒன்பதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, "இதே ஆறும் ஆவுது" என்று கண்டுபிடித்தாள். ஏழின் ஓரத்தில் பல்லால் கடித்த தடம் இருப்பதைக் காட்டி, "இத யாரு கடிச்சது?" என்று கேட்டாள். நாலு எண் எடுப்பதற்குள் மீன் பொரித்து, சோறும் ஆகிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டோம்.

அந்த நம்பர் அடிக்கவில்லை. பக்கத்தில்கூடப் போகவில்லை.

"கண்ணாடிக்கு அதிர்ஷ்டம் பழக வேணாமா? கொஞ்சம் டைம் குடுங்கடா" என்று முரளி கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கோமதி அக்கா பிறகு சொன்னார். அதற்குப் பிறகு கண்ணாடி குளிர்பெட்டிமேல் ஏறவில்லை. பிளாஸ்டரில் தினமும் முரளியே பேனாவால் ஒரு படம் வரைந்து ஒட்டிவிடுவாராம். பெரும்பாலும் லோரிதான். அவருக்கு வேறு எதுவும் வரையத் தெரியாது.

எழும்பியது

தீபாவளிக்கு முந்திய வாரம். தெரு முழுக்கச் சரவிளக்கு. கடைக்கு வெளியே முறுக்கு டின்களும், மத்தாப்பும், ஒன்றோடொன்று மோதும் பாட்டுகளும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூவரும் வந்தார்கள். கண்ணாடிக் காம்பு தளர்ந்துவிட்டதாம்.

லக்கியை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முடி வளர்ந்து, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாய் இரண்டு குடுமி. சட்டத்தை நேர்செய்து மாட்டிவிட்டேன். நல்ல கண்ணை மறைத்தேன். கையைத் தள்ளவில்லை. சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள். முரளி சொல்லாமலே மூலையில் திரும்பி நின்றிருந்தார்.

பிறகு அவள் கண்ணாடிக்கு மேலேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன். இரண்டு கண்களும் ஒன்றுசேர்ந்து பார்க்கிற இந்தத் திறமை எல்லாப் பிள்ளைக்கும் திரும்பி வருவதில்லை. பார்வை தேறினாலும் இது வராமலே போவதுண்டு. எதையும் வாக்குக் கொடுக்காமல் புத்தகத்தைத் திறந்தேன்.

லக்கி குனிந்தாள். பழக்கமான உள்ளங்கை விரிந்து முன்னால் வந்தது. பாதியில் நின்றது.

"ஈஈஈ!"

நாற்காலியோடு பின்னால் போனாள். கோமதி அக்கா தாங்கிப் பிடித்தார். மூலையிலிருந்து முரளி பாய்ந்து வந்தார்.

"என்னாச்சி? என்னாச்சி?"

"அது வருதுப்பா! மேல வருது!"

முரளி புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த நொடி அவர் கடை வாசலுக்குப் போய், அந்தத் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து, லோரி ஹாரனுக்குச் சமமான குரலில் கத்தினார்.

"பயந்துட்டா! என் மக பயந்துட்டா!"

முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹமீது பாய், "திருடனா? எவன் அவன்?" என்று அளவுகோலோடு ஓடிவந்தார்.

"நான் ஒண்ணும் பயப்படல" என்றாள் லக்கி, ரோஷமாக. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை மெதுவாக நீட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அந்த இறக்கையைப் பிடித்தாள்.

அவள் விரல்களுக்கும் தாளுக்கும் நடுவில் ஓர் ஈ நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.